நரிக்குட்டிக்குக் குரல் கொடுத்தவள்

மரியே வாழ்க

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
நோர்வூட்.
08.07.2024

சிவகௌரி மிஸ்ஸுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

என் பெயர் இசபெல். நான் மெரினாவின் தாய். உங்களிடம் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்த மெரினா. மெலிந்த பிள்ளை, இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அவள் ஜூன் முதலாம் திகதி கொழும்பில் டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டாள். வயது இருபது. எனக்கு ஒரே பிள்ளை. உங்களுக்குச் செய்தி வந்ததோ தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் முகவரி அவளுடைய செபப் புத்தகத்துக்குள் ஒரு அட்டையில் இருந்தது. அதில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை எடுத்தேன். ஒரு ஆள் சிங்களத்தில் யாரென்று கேட்டார். நான் யாரென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். கடிதம் என்றால் அழுகை வரும்போது நிறுத்தி, பிறகு எழுதலாம். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் கேட்க வந்தது இதுதான் மிஸ். எனக்கு அவளுடைய குரல் வேண்டும்.

முகம் போட்டோவில் இருக்கிறது. குரலுக்குப் போட்டோ இல்லை. அவளுடைய போன் பூட்டிக் கிடந்தது. எப்படித் திறப்பது என்று எங்களுக்குத் தெரியாது. ஹட்டனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் திறந்து கொடுத்தார்கள். பஸ் டிக்கோயா தாண்டும்போது எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. புதுப் போன் மாதிரி இருந்தது. அவள் பேசி அனுப்பியது, பாடி வைத்தது எல்லாம் போய்விட்டது. திறக்க வேண்டுமானால் அழிக்கத்தான் வேண்டுமாம். அதைக் கடைக்காரர் எனக்குச் சொன்னாரோ, நான் தலையாட்டினேனோ, ஞாபகம் இல்லை. என் கையாலேயே கொடுத்து அழித்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் தமிழில் போடுவார்கள், அதில் ஒரு நரிக்குட்டிப் படம் வரும் என்று மெரினா சொல்லியிருந்தாள். "அந்த நரிக்குட்டி நான்தாம்மா" என்றாள். எங்கள் டிவி பழுது. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வீரம்மா வீட்டில் போய் உட்காருகிறேன். முயல் வருகிறது, மீன் வருகிறது, பேய் வருகிறது, நரி வரவில்லை. எப்போது வரும்? உங்களிடம் அவள் பேசியது ஏதாவது வைத்திருந்தால் எனக்குத் தர முடியுமா?

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கடிதத்துக்கும் கூப்பிடுவார்கள். அதனால் என் பெயரைப் பெரிதாக எழுதவும்.

இப்படிக்கு,
மெரினாவின் அம்மா
இசபெல்


வெள்ளவத்தை,
கொழும்பு.
19.07.2024

திருமதி இசபெல் பத்திநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மெரினாவின் செய்தி எனக்கு ஜூன் மாதமே தெரியும். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு.

இருபது வயதில் ஏழு வயதுப் பிள்ளையின் குரல் அவளிடம் இருந்தது. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நரிக்குட்டிப் படத்தில் அவளுடைய பங்கு மறக்க முடியாதது. அந்தப் படம் ஒளிபரப்பாகும் திகதி இன்னும் முடிவாகவில்லை. தெரிந்தவுடன் அறிவிக்கிறேன்.

வேறு படங்களிலும் கூட்டமாகப் பிள்ளைகள் கத்துகிற, சிரிக்கிற இடங்களில் அவள் இருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை ஓர் ஆப்பிரிக்க நாட்டுப் படம் வரும். வற்றிப்போகிற ஆற்றின் கடைசித் தண்ணீரைப் பானையில் எடுத்துக்கொண்டு, அதற்கு வேறு இடம் தேடி நடக்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை. அதற்குப் பிறகு தென்னமெரிக்க மலைநாட்டுப் படம். கடிதப் பை சுமக்கிற ஒரு கிழட்டுக் கழுதை. பின்பு, கம்பளி நூலால் பொம்மைகள் செய்து ஒவ்வோர் அசைவாகப் படம் பிடித்த ஐரோப்பியப் படம் ஒன்று. நாள் முழுக்க வேலை செய்தால் அதில் மூன்று விநாடிதான் ஓடுமாம்.

குரல் பதிவுகளை வெளியே கொடுக்க எங்கள் ஒப்பந்தத்தில் இடமில்லை. இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிவகௌரி


மரியே வாழ்க

கல்லுமலை
12.08.2024

அன்புள்ள சிவகௌரி மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெரட்டில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வேலைக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் வாங்கினேன். நீங்கள் சுகமாக இருப்பது சந்தோசம். இங்கே மழை. நான் இருக்கிறேன்.

மூன்று படமும் பார்த்தேன். ஆற்றைச் சுமக்கிற பிள்ளை படத்தை வரைந்தவர் பானை சுமந்தவராகத்தான் இருக்க வேண்டும். கல் தடுக்கினாலும் அந்தப் பிள்ளை கழுத்தை அசைக்காமல் முழங்காலை மட்டும் மடிக்கிறாள். நெற்றியில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமக்கிற எங்களுக்கு அது தெரியும். கழுதைப் படத்தில் கழுதை பையைத் தொலைத்துவிட்டு ஊருக்குள் போக வெட்கப்பட்டு நின்றதே, அங்கே வீரம்மா கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பாவம், நம்ம கணக்கப்புள்ளைக்கு அந்தக் கழுதைக்கு இருக்குற வெக்கங்கூட இல்லயே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகப் பிறகு அழுதேன்.

நூல் பொம்மைப் படத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடிச் சிரிக்கிற இடத்தில், இரண்டு பேர் சிரித்து முடித்த பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அது அவள்தானே? நான் எழும்பி டிவிக்குக் கிட்டப் போய்விட்டேன். அதற்குள் பொம்மைகள் வேறு எங்கேயோ போய்விட்டன.

மெரினாவின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "செத்த புள்ளய டிவிக்குள்ள தேடுறியா? மத்தவங்க சிரிக்கப் போறாங்க" என்று சொல்கிறார். அவர் இப்போது அவளுடைய பெயரையே சொல்வதில்லை. அவருக்குக் கல்லறை போதும் போலிருக்கிறது. கல்லறை பேசாதே மிஸ்.

நரி எப்போது வரும்?

இப்படிக்கு,
இசபெல்


வெள்ளவத்தை
27.08.2024

அன்புள்ள இசபெல் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதினால் கோபிக்க மாட்டீர்கள் என நினைக்கிறேன். மழையில் உடம்பு சுகமா? இங்கே வெயில், நான் நலம்.

பனிச்சறுக்கில் மூக்கால் சிரித்தது மெரினாதான். நீங்கள் அதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

நரிக்குட்டிப் படம் செப்டெம்பர் 28ஆம் திகதி வருகிறது. கடல் உறைகிற வடநாட்டுப் படம் அது. தாய் நரியும் குட்டியும் பனிக்கரையில் இருக்கின்றன. பனி வெடித்து, குட்டி நின்ற துண்டு மட்டும் கடலுக்குள் மிதந்து போகிறது. அந்தத் துண்டில் ஏறி இறங்குகிற பறவைகளோடும் ஒரு கிழட்டுக் கடல்நாயோடும் குட்டி பேசிக்கொண்டே போகிறது. கடைசியில் பேச யாரும் இல்லாமல் அழுகிறது. அந்த அழுகை தாய்க்குக் கேட்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன், நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்ல விரும்புகிறேன். மைக்கும் கருவிகளும் குரலை மாற்றிவிடும். வீட்டில் கேட்டுப் பழகிய குரலாகத் தெரியாமல் போகலாம். அப்படி இருந்தால் மனம் உடைய வேண்டாம்.

எங்கள் நிறுவனம் நவம்பர் மாத முடிவில் மூடப்படுகிறது. பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டுக் கருவிகளை ஒப்படைக்க வேண்டும். வேலைகள் அதிகம். பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிவகௌரி


மரியே வாழ்க

கல்லுமலை
09.09.2024

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அக்கா என்று எழுதியதை வீரம்மாவிடம் காட்டினேன். "யாழ்ப்பாணத்து மிஸ் ஒன்ன அக்காங்குது, இனி கூடைய நீ தூக்க மாட்ட, நாந்தான் தூக்கணும்" என்றாள்.

பதிவுகளை அழிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தடவை நான் அழித்தேன். இரண்டாம் தடவையும் அழிந்துவிடுமா? நான் கேட்பது நிறைய இல்லை. அவள் பேசியது ஒரு துண்டு. படம் வேண்டாம், நரி வேண்டாம், ஒரு துண்டு பேச்சு.

எனக்கு மறந்துகொண்டு வருகிறது மிஸ். இதை யாருக்கும் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கும்போது அவள் "அம்மா" என்று கூப்பிடுவதை மனதுக்குள் கேட்டுப் பார்ப்பேன். ஜூன் மாதம் கேட்டது. ஜூலையிலும் கேட்டது. இப்போது கூப்பிட்டால் பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களின் குரலில் கேட்கிறது. நேற்று ஒரு தடவை என்னுடைய குரலிலேயே கேட்டது. பயந்துபோய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்று. பத்துப் படம் பார்த்துவிட்டோம். "என்னடி இது, வெளிநாட்டுல எல்லா ஆத்தாளும் மொதல்லயே செத்துப்போறாளுக" என்றாள் வீரம்மா. சரியாகத்தான் சொன்னாள். ஆற்றுப் பிள்ளைக்குத் தாய் இல்லை, நூல் பொம்மைக்குத் தாய் இல்லை, யப்பான் படத்தில் மணியைத் தேடிக் கடலுக்குள் போகிற பிள்ளைக்கும் தாய் இல்லை. தாய் செத்த பிறகு பிள்ளை எப்படி நடந்து போவது என்று எல்லா நாட்டுக்காரரும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை செத்த பிறகு தாய் எப்படி நடப்பது என்று ஒரு நாட்டிலாவது யாராவது வரைந்திருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள். அதைப் பார்த்து நானும் நடப்பேன்.

28ஆம் திகதிக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இசபெல்


மரியே வாழ்க

கல்லுமலை
30.09.2024

மிஸ்ஸுக்கு,

சுகமா என்று கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நரிக்குட்டிப் படம் பார்த்தோம். வீரம்மா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மெரினாவின் அப்பா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

நரிக்குட்டி வாயைத் திறந்தது. அது என் பிள்ளை இல்லை.

"ஆத்தாடி, நம்ம மெரினாவேதான்" என்று வீரம்மா அழுதாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வந்த மரியாதையை நானே எப்படிக் கெடுப்பேன்? நீங்கள் மைக் குரலை மாற்றும் என்று எழுதியது ஞாபகம் வந்தது. மைக் அப்படி மாற்றாது மிஸ். மூக்கால் சிரித்ததை மாற்றவில்லையே. அந்த நரிக்குட்டி கொழும்பில் படித்த பிள்ளை மாதிரிப் பேசியது. நல்லாத்தான் பேசியது. ஆனால் அவள் இல்லை.

பிறகு பனித்துண்டில் தனியாக நின்று அழுகிற இடம் வந்தது.

அது அவள்.

வார்த்தை எல்லாம் வேறு யாருடையதோ. அழுகை மட்டும் என் பிள்ளையுடையது. வாசலில் நின்ற மனிசன் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

மிஸ், நான் பெற்றவள். அவள் பொய்யாக அழுவது எனக்குத் தெரியும், மெய்யாக அழுவதும் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் முதலில் முனகுவாள், பிறகு மூச்சை உள்ளே இழுப்பாள், பிறகுதான் அழுகை வரும். அந்த நரிக்குட்டி அப்படித்தான் அழுதது.

அதை எந்தத் திகதியில் எடுத்தீர்கள்?

இசபெல்


கல்லுமலை
17.10.2024

மிஸ்ஸுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன கடிதம் கிடைத்ததோ தெரியாது. தினமும் பெரட்டுக்குப் போகிறேன். கடிதப் பெயர் கூப்பிட்டு முடியும் வரை நிற்கிறேன். வேலைக்குப் பெயர் கூப்பிட்டபோது நேற்றுக் கேட்கவில்லை. "இசபெல், ஒனக்குக் காது போச்சா, இல்ல புத்தி போச்சா?" என்று கங்காணி சத்தம் போட்டார். 

நான் சண்டைக்காகக் கேட்கவில்லை. திகதி மட்டும் வேண்டும்.

இசபெல்


கல்லுமலை
05.11.2024

சிவகௌரி மிஸ்,

இந்த மாதம் முடிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவீர்கள். அதனால் நான் ஒளித்து வைத்திருந்ததை எழுதுகிறேன்.

மே மாதம் 27ஆம் திகதி பின்நேரம் மெரினா எனக்கு மூன்று தடவை எடுத்தாள். எங்கள் லயத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பேச வேண்டுமானால் மேலே பாதை வளைகிற கோயில் முடக்குக்கு ஏற வேண்டும். போன் அடித்தது எனக்குக் கேட்டது. நான் எடுக்கவில்லை.

அன்றைக்குத்தானா மிஸ்? ஆமா, இல்லை என்று ஒரு சொல் போதும்.

இசபெல்


வெள்ளவத்தை
21.11.2024

இசபெல் அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு உரிமை இல்லை. ஆமாம். அன்றைக்குத்தான்.

மார்ச் மாதத்தில் மெரினா நரிக்குட்டியாக முழுப் படமும் பேசி முடித்தாள். பதினொரு நாள் வேலை. தொலைக்காட்சியில் இருந்து ஒருவர் வந்து கேட்டுவிட்டு, "இது தோட்டத்துப் பிள்ளை கதைக்கிற மாதிரி இருக்கு. மாத்துங்கோ" என்றார். நரி எந்த ஊர்ப் பேச்சுப் பேசும் என்று நான் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிலக்ஷி என்ற இன்னொரு பிள்ளையை வைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். மெரினாவுக்குச் சொல்லவில்லை. படம் வந்தால் தெரியத்தானே போகிறது, அப்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நிலக்ஷிக்கு அழ வரவில்லை. எத்தனை தடவை எடுத்தும் அது அழுகையாகவே இல்லை. அதனால் மெரினாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "உன்ர பதிவில அழுகை மட்டும் கொஞ்சம் சரியில்லை, ஒருக்கா வந்திட்டுப் போ" என்று பொய் சொன்னேன். 27ஆம் திகதி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "மிஸ், காலையில இருந்து தலை இடிக்குதுங்க, மேலெல்லாம் நோவுது. இருந்தாலும் செஞ்சிடுறேங்க" என்றாள். ஒரு மாத்திரை கொடுத்தேன்.

ஏழு தடவை அழவைத்தேன். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, "நல்லா வருது பிள்ளை, இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடிப்பு என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். ஐந்தாம் தடவையில் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆறாவதும் ஏழாவதும் எடுத்தேன். படத்தில் நீங்கள் கேட்டது ஏழாவது.

போகும்போது படிக்கட்டில் நின்று போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா எடுக்கலீங்க மிஸ், மலையில நிப்பாங்க" என்று சிரித்தாள். ஆட்டோ பிடித்துக் கொடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்ட கதையை நான் தேடினேன். இத்தனை வருடத்தில் அறுபது நாட்டுப் படங்களாவது என் கையால் போயிருக்கும். பிள்ளை இறந்த பிறகு தாய் நடக்கிற படம் ஒன்றுகூட அதில் இல்லை. பிள்ளைகள் பார்க்கிற படத்தில் பிள்ளையைச் சாக விடுவதில்லை என்று ஒரு சட்டம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

மார்ச்சில் அவள் பேசியது அழியாமல் இருந்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்துவிட்டேன். இதோடு இரண்டு பென் டிரைவ் அனுப்புகிறேன். சிவப்பில் படம், சத்தமில்லாமல். கறுப்பில் அவளுடைய குரல், படம் முழுக்க. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க எனக்கு நாள் கிடைக்கவில்லை, நிறுவனத்தின் சாவியைக் கொடுத்துவிட்டேன். கறுப்பின் தொடக்கத்தில் அவள் பிழைவிட்டது, பேசியது, தண்ணீர் கேட்டது எல்லாம் இருக்கிறது. வெட்டவில்லை. 27ஆம் திகதி எடுத்தது கடைசியில் தனியாக இருக்கிறது. அதைக் கேட்பதும் விடுவதும் உங்கள் முடிவு.

சிவகௌரி


மரியே வாழ்க

கல்லுமலை
23.12.2024

சிவகௌரிக்கு,

நீங்கள் எழுதி ஒரு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் எங்கே இருந்தாலும் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். உடம்பு எப்படி? நத்தார் பண்டிகை வருகிறது. இந்த வருடம் எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை, நட்சத்திரக் கூடும் கட்டவில்லை.

உங்கள் கடிதத்தைப் பெரட்டில் வாங்கி அங்கேயே படித்தேன். பிறகு உங்களைத் திட்டினேன். மேட்டு மலை முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டினேன். கடிதத்தில் எழுதக்கூடாத வார்த்தைகள். வீரம்மா என் வாயைப் பொத்தினாள். அந்த இரண்டு பென்னையும் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் போட்டேன். இருபத்திரண்டு நாள் அதற்குள் கிடந்தது.

உங்களைத் திட்டி முடிந்த பிறகு என் முறை வந்தது. நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்லவில்லை. மழை என்று சொல்லலாம். மழையும்தான். ஆனால் அவள் புடவைக் கடை வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபம். கடைசியாகப் பேசியபோது, "நரி மாதிரி ஊளையிடுறதுக்கா ஒன்ன பெத்தேன்?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஊளையிட்டும் காட்டினாள், போனுக்குள். நான் வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று காட்டத்தான் 27ஆம் திகதி எடுக்கவில்லை. மூன்று தடவையும் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு எடுப்பாள்தானே என்று நினைத்தேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு அவள் பேசவில்லை.

நீங்கள் ஐந்தாம் தடவையில் தெரிந்துகொண்டீர்கள். எனக்குப் போன் முதல் தடவை அடித்தபோதே அவள்தான் என்று தெரியும். யார் பாவம் பெரிது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன சனிக்கிழமை அரிசி அளக்கப்போன மெரினாவின் அப்பா பென் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இது என்னா?" என்றார். சொன்னேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, வீரம்மா வீட்டுக்குப் போவோம்" என்றார். இந்த வருடம் அவர் என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனது அதுதான்.

சிவப்புப் பென்னை டிவியில் செருகினோம். கறுப்பைத் திருவிழாவில் வாங்கிய பாட்டுப் பெட்டியில் செருகினோம். முதலில் கறுப்பை மட்டும் போட்டுக் கேட்டோம். "மிஸ், மைக்கு ரொம்ப ஒசரமா இருக்குங்க, நரிக்குட்டின்னா குட்டியாத்தானே இருக்கணும்" என்றாள். பிறகு இருமினாள். பிறகு, "ஐயோ, பிழை விட்டுட்டேன், திரும்ப சொல்றேங்க" என்றாள். பிறகு யாரிடமோ, "எங்கம்மா நான் ஊளையிடுறேன்னு ஏசுறாங்க. படம் வரட்டும், எங்க லயமே வந்து குந்தும், அப்ப தெரியும்" என்று சொன்னாள்.

அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

லயத்துப் பிள்ளைகள் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். படத்தையும் சேர்த்துப் போட்டோம். நான் ஒன்றை அழுத்த, வீரம்மா மற்றதை அழுத்த வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தத் தெரியாமல் ஆறு தடவை அழுத்தினோம். அப்படியும் ஒத்து வரவில்லை. நரி வாயை மூடிய பிறகுதான் பேச்சு வருகிறது. கடல்நாய் பேச வேண்டிய இடத்தில் நரி சிரிக்கிறது. "ஏய், நரி நம்ம மாதிரியே பேசுது" என்று ஒரு பிள்ளை சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன தடவை கை தட்டிய பிள்ளைகள்தான். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அழுகிற இடம் வந்தது. மார்ச்சில் அவள் அழுதது நடிப்பு அழுகை, சும்மா மூக்கை உறிஞ்சினாள். அதோடு விட்டிருக்கலாம். நான் கடைசியில் இருக்கிற 27ஆம் திகதியைப் போடச் சொன்னேன். "வேணாம் இசபெல், நிப்பாட்டு" என்று அவர் என் கையைப் பிடித்தார். "இந்தத் தடவையாச்சும் கேக்கணும்" என்று சொன்னேன். ஏழு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவைக்கும் பின்னால் உங்கள் குரலும் இருந்தது. அதையும் கேட்டேன்.

படத்தில் அந்தத் தாய் நரி ஒரு தடவை கேட்டதும் காதைத் தூக்கி, பனிக்கு மேலே ஓடத் தொடங்கிவிட்டது. கடல் கடந்து கேட்டதாம் அதற்கு. எனக்குப் போன் கையில் இருந்தது.

பிள்ளையைச் சாக விடுவதில்லை என்று சட்டம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல சட்டம். இங்கே அது வந்து சேரவில்லை. பிள்ளை செத்த தாயின் படம் இல்லை என்றால் இல்லாமல் இருக்கட்டும். எப்படி நடப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. காலையில் பெரட்டுக்குப் போகிறேன், பெயர் கூப்பிட்டால் இப்போது கேட்கிறது.

உங்களை மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. பொய் எழுத மாட்டேன். ஆனால் அழிக்காமல் எடுத்து அனுப்பினீர்கள். நான் அழித்ததை நீங்கள் அழிக்கவில்லை. அதற்காக உங்கள் பெயரைச் சொல்லியும் செபமாலையில் ஒரு மணி உருட்டுகிறேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் திரும்பவும் போடுகிறோம். அவரும் வருகிறார். நரியின் வாய் முதலில் அசைகிறது, அவள் குரல் பின்னால்தான் வருகிறது. பிந்தினால் பிந்தட்டும். நான் காத்திருக்கிறேன், வருகிறது.

இப்படிக்கு,
நரிக்குட்டியின் அம்மா
இசபெல்